நாற்பத்தொரு விநாடி

கேள்வி இதுதான்:
ஐயாயிரம் யூரோ, இப்போதே, உறுதியாக.
அல்லது பத்தில் ஒரு வாய்ப்பில் அறுபதாயிரம்,
மற்ற ஒன்பதிலும் வெறுங்கை.
எல்லாம் கற்பனைக் காசு.
இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒன்று.

குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் நிலவறை.
சன்னலின் மேல்விளிம்பில்
சைக்கிள் சக்கரங்கள் மட்டும் போகும், மழையோடு.
நாலாயிரத்துச் சொச்சம் பேர்
இந்த நாற்காலியில் உட்கார்ந்து
ஆளுக்கு நாற்பது முறை பொத்தானை அழுத்திப் போனார்கள்.
அந்த விரல்களை எல்லாம்
ஒரு நரம்பு வலைக்கு ஊட்டினேன்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடாதே என்று
யாரும் அதற்குச் சொல்லவில்லை.
மூன்றாம் இரவில் தானே தெரிந்துகொண்டது.
பத்து யூரோ வந்த மகிழ்ச்சியைவிட
பத்து யூரோ போன நோவு பெரிது என்பதையும்,
நூற்றில் ஒன்று
ஆசைப்படுகிறவன் கண்ணுக்கு ஐந்தாகத் தெரியும் என்பதையும்,
மதியம் சாப்பிடாதவர்கள் துணிந்தவர்கள் என்பதையும்.
(கடைசியதை நானே நம்பவில்லை.)

திரையில் ஒரு கோடு இறங்கிக்கொண்டே வந்தது.
அதற்குப் பெயர் இழப்பு.
இழப்பு குறையக் குறைய
நாங்கள் கேக் வெட்டினோம்.

முப்பது விநாடிக்கு மேல் யோசித்த பதில்களை
டெட்மர் நீக்கிவிடுவான்.
காரணம் என்ற பத்தியில் ஒரே சொல்:
கவனமின்மை.
கைபேசி பார்த்திருப்பார்கள் என்பான்,
கண் அசந்திருப்பார்கள் என்பான்.
பெரும்பாலும் அவன் சொல்வது சரி.

நவம்பரில் எல்ட்யே போல்ஹவுஸ் திரும்பி வந்தாள்,
மறந்துபோன ஒற்றைக் கையுறைக்காக.
பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
வடக்கே, எரிவாயு எடுத்து எடுத்து
நிலம் நடுங்கப் பழகிய ஊர்க்காரி.
கையுறைக்குள் விரல்களை நுழைத்தபடி கேட்டாள்:
“பத்தொன்பதாம் கேள்வியை யார் எழுதியது?”
“யாருமில்லை. கணினி குலுக்கிப் போட்ட எண்கள்.”
“அப்படியா.”

பிறகு நின்றபடியே சொன்னாள்.
அவள் சமையலறைச் சுவரில் விரிசல்,
விரலை விட்டால் இரண்டாம் கணுவரை போகும்.
ஐயாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடு;
இல்லையென்றால் நிபுணர் வருவார், அளப்பார்,
சுவர் பிளந்தது வாயுவாலா வயதாலா என்று
அவர் தீர்ப்பதுதான் தீர்ப்பு.
அந்தக் கடிதம் மூன்று வாரமாக ரொட்டி டப்பாவுக்கு அடியில்.
“உங்கள் திரையில் அது எழுந்து வந்தபோது
எவனோ கேலி செய்கிறான் என்று நினைத்தேன்.”

அவள் வரிசையைத் தேடிப் பிடித்தேன்.
கேள்வி பத்தொன்பது. நாற்பத்தொரு விநாடி.
நீக்கப்பட்டது. கவனமின்மை.

வாசிக்காமல் திரையைத் திருப்பியிருக்கலாம்.
வாசித்துவிட்டாள்.
சிரிக்கவும் இல்லை.

அசடு வழிய, வலையிடம் கேட்டுக் காட்டினேன்:
இந்தப் பெண் எதை அழுத்தியிருப்பாள்?
இடப்பக்கம் என்றது,
தொண்ணூற்று மூன்று சதவீதம்.
“அதைத்தான் அழுத்தினேன்,” என்றாள்.
எனக்குள் ஒரு சின்னக் கைதட்டல்.
அத்தனை அடுக்குகள், அத்தனை எடைகள்,
ஒன்றுகூட அந்த விரிசலுக்குள் விரல் விட்டதில்லை,
விடாமலே சொல்லிவிட்டதே.

“அழுத்தியதும் வயிற்றைப் பிசைந்தது.
அன்றைக்கே வீட்டுக்குப் போய்
நிபுணரை அனுப்புங்கள் என்று எழுதிப் போட்டேன்.
உங்கள் பொத்தான் இல்லாவிட்டால்
கையெழுத்துதான் போட்டிருப்பேன்.”
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனாள்.
மேலே சக்கரங்களுக்கு நடுவே
அவள் பூட்ஸ் இரண்டும் சற்று நின்று, பின் நடந்தன.

நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்தேன்.
காரணத்துக்கு வேறு சொல் தேடி
கடைசியில் காலியாகவே விட்டேன்.
இழப்பு, நான்காம் தசம இடத்தில், ஒன்று கூடியது.
டெட்மர் கண்ணில் அது தப்பாது.

நிபுணர் மார்ச்சில் வருகிறாராம்.